பிரப்பன்வலசைத் தோப்புத் தடத்தில் ஏடிவி: முள், மணல், கழன்று வந்த டயர்

பரமக்குடிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறைக்குத் தங்கச்சி குடும்பம் மதுரையிலிருந்து வந்திருந்தது. என் மச்சானுக்குப் பிரப்பன்வலசை பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது, அங்கே இரண்டு ஏடிவி (மணலிலும் காட்டுத் தடத்திலும் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி) வைத்திருக்கிறார். தோப்பிலிருந்து கிளம்பி, கருவேலங்காட்டு வழியாக மணல்மேட்டுக்குப் பின்பக்கமாகப் போய், சொந்தக்காரர் ஒருவருடைய பனங்காட்டைச் சுற்றித் திரும்புகிற தடம். முழுக்கப் பட்டா நிலம், எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனோம். பெரியவர்கள் மாற்றி மாற்றி ஓட்ட, பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்தார்கள்.

கருவேலங்காட்டைத் தாண்டுவதற்குள் ஒரு வண்டியின் பின் டயர் இறங்கிவிட்டது. கையில் டியூப்லெஸ் பஞ்சர் கிட் இருந்ததால் முள்ளைப் பிடுங்கி ஸ்ட்ரிப் சொருகி, கால் பம்பில் காற்றடித்துக் கிளம்பினோம். அப்புறம் பனங்காட்டுக்குள் நுழைகிற வளைவில் மணல் பொதபொதவென்று கிடந்தது, மச்சான் வண்டியைத் திருப்பியதும் அதே வண்டியின் முன் வலது டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்துவிட்டது. வண்டி சாய்ந்தது, பின்னால் இருந்த தங்கச்சி மகன் மணலில் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை, ஆனால் தங்கச்சி அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை. உதவிக்கு இன்னொரு வண்டியைத் தோப்புக்கு அனுப்பினோம், அது வழியில் பனைமட்டை மேல் ஏறி டயரின் பக்கச் சுவர் கிழிந்து நின்றுவிட்டது. நண்பகல் வெயில், நிழல் இல்லை, கையில் இருந்த தண்ணீரும் தீர்ந்தது. கடைசியில் உரம் ஏற்றி வந்த டிராக்டர்தான் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கேட்க வேண்டியது இதுதான். நம் மண்ணுக்கு ஏடிவி டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? ஒரே நாளில் மூன்று டயர் போவதற்கு என்ன காரணம்? டயருக்குள் ஊற்றுகிற பஞ்சர் திரவம் பயன்படுமா? கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் மறுபடி வருவார்கள், அதற்குள் சரி செய்துவிட வேண்டும்.

ராம்நாடு டயர் கடை

தம்பி, பையனுக்கு வேறு அடி இல்லை என்பதே நிம்மதி. மூன்றும் மூன்று விதமான கோளாறு, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் காற்று. கார், பைக் கணக்கு இதற்கு ஆகாது. பைக்குக்கு 25, 30 பாயிண்ட் (பிஎஸ்ஐ) வைத்துப் பழகியவர்கள் ஏடிவி டயரையும் கையால் அமுக்கிப் பார்த்து "காற்று கம்மி" என்று ஏற்றிவிடுகிறார்கள். பெரும்பாலான ஏடிவிகளுக்கு 4 முதல் 7 பாயிண்ட் வரைதான். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு மட்கார்டிலோ இருக்கைக்குக் கீழேயோ ஸ்டிக்கரில் இருக்கும், முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் இருக்கலாம். பெட்ரோல் பங்கில் இருக்கிற கேஜ் பெரிய வண்டிகளுக்கானது, 5 பாயிண்ட்டை அதில் துல்லியமாகப் பார்க்க முடியாது. 0 முதல் 10 அல்லது 15 வரை மட்டும் காட்டுகிற சின்ன கேஜ் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கிவிடுங்கள். இந்த டயரில் 2 பாயிண்ட் குறைந்தால் பாதிக் காற்று போன மாதிரி, கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இடது வலது இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கினாலே டயரின் சுற்றளவு மாறும், ஹேண்டில் அந்தப் பக்கமே இழுக்கும். வெயிலையும் கணக்கில் சேருங்கள். விடிகாலையில் 5 வைத்த டயர் ஓட்டத்திலும் சுடுமணலிலும் 20 டிகிரி கூடினால் 6-ஐத் தாண்டி நிற்கும். அது பெரிய விஷயம் இல்லை, ஆனால் சூடாக இருக்கும்போது அளந்து, அதிகம் என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் 4-க்குக் கீழே போய்விடும்.

முன் டயர் கழன்றதைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. அந்த டயர் முன்பே காற்று இறங்குகிற டயரா? மச்சானிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

சாயல்குடி பனங்காடு

அண்ணே, மரியாதையோடு மாறுபடுகிறேன். எங்கள் பக்கம் செம்மண் தேரியிலும் பனங்காட்டிலும் ஓட்டுகிறேன், 4, 5 எல்லாம் வைத்தால் தாங்காது. 12 வைத்துத்தான் ஓட்டுகிறேன், டயர் கல் மாதிரி இருந்தால் முள் இறங்காது. காற்று குறைந்த டயர் பரந்து படிகிறது, அப்போது அதிக முள் மேல் ஏறத்தானே செய்யும்?

ராம்நாடு டயர் கடை

பரந்து படிகிறது என்பது சரி, அதிக இடத்தைத் தொடுகிறது என்பதும் சரி. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் குறைகிறதே. விறைத்த டயர் முள்ளின் மேல் அத்தனை பாரத்தையும் ஒரு புள்ளியில் இறக்கும், இளகிய டயர் முள்ளைச் சுற்றிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். காய்ந்த சீமைக்கருவேல முள் ஆணிக்குச் சமம், நேராக நிமிர்ந்து நின்றால் 5 என்ன 12 என்ன, இறங்கத்தான் செய்யும். அதைத் தடுப்பது காற்றைவிட ரப்பர் கனம்தான். உங்கள் டயர் ஆறு பிளை (டயரின் அடுக்குப் பலக் கணக்கு) மதிப்புள்ளதாக இருக்கலாம், அதனால் தப்பிக்கிறீர்கள். வண்டியோடு வருகிற சாதாரண டயர் இரண்டு பிளைதான் பல நேரம்.

இன்னொன்று. ஏடிவியில் பாதி ஸ்பிரிங் வேலையை டயரே செய்கிறது. 12 வைத்தால் மேட்டில் ஏறும்போது வண்டி பந்து போலத் துள்ளும், பின்னால் ஆள் இருந்தால் பிடி விட்டுப்போகும். பொத மணலில் சக்கரம் கத்தியாக இறங்கிப் புதையும். தேரி மண் காலையில் ஈரமாகக் கெட்டியாக இருப்பதால் உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். தனியாக ஓட்டும்போது உங்கள் இஷ்டம், குடும்பத்தோடு வேண்டாம் தம்பி.

சாயல்குடி பனங்காடு

என் டயர் ஆறு பிளைதான், பார்த்தேன். பிளை விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாறையும் வேரும் கிடக்கிற இடத்தில் 5 வைத்தால் ரிம் நசுங்கும், அதையும் எழுதிவிடுங்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுடைய ரிம் பனைவேரில் இடித்து வளைந்தது, அவன் வைத்திருந்தது 3.

ராம்நாடு டயர் கடை

3 எந்த இடத்துக்கும் ஆகாது. அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

உச்சிப்புளி வாசி

எங்கள் பக்கத்துத் தடம் என்பதால் முள் பற்றி நான் சொல்கிறேன். கருவேலங்காட்டில் நிற்கிற மரத்தால் பஞ்சர் ஆவது குறைவு. கரிமூட்டத்துக்கு மரம் வெட்டுவார்கள் இல்லையா, தடித்த கட்டையை எடுத்துக்கொண்டு சில்லாங்கொப்பை அங்கேயே கழித்துப் போட்டுவிடுவார்கள். அது காய்ந்து மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும், முள் மட்டும் மேலே பார்த்தபடி. வெட்டி முடித்த புதிதில் பச்சை முள், அவ்வளவாக ஏறாது. ஒரு கோடை தாண்டியபின்தான் ஆபத்து. அதனால் போகிற தடத்தில் எங்கே வெட்டு நடந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு அந்தத் துண்டைச் சுற்றிப் போங்கள், அல்லது முந்தின நாள் ஒரு ஆளை விட்டு வாரியால் இழுத்துப் போடச் சொல்லுங்கள். அரை நாள் கூலிதான் ஆகும்.

வேலியோரம் ஒட்டி ஓட்டாதீர்கள். இங்கே பாதி வேலி கருவேலக் கொப்பை வெட்டிப் போட்ட வேலி, காற்று வீசினால் தடத்துக்கு வந்துவிடும். பனங்காட்டில் மட்டையின் இரண்டு பக்கக் கருக்கும் ரம்பப் பல் போல இருக்கும். விழுந்த மட்டை மேல் நேராக ஏறினால்கூடத் தப்பிக்கலாம், சக்கரம் ஓரமாக உரசினால் மட்டை புரண்டு கருக்கு பக்கச் சுவரைக் கிழித்துவிடும். உங்கள் இரண்டாவது வண்டிக்கு அதுதான் நடந்திருக்கும். பக்கச் சுவரில் ஸ்ட்ரிப் சொருகி வீடு வந்து சேரலாம், அதுவும் சின்ன ஓட்டையாக இருந்தால். அதோடு அந்த டயரின் கதை முடிந்தது, பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியில் திரும்பப் போடாதீர்கள்.

முதுகுளத்தூர் அக்கா

டயரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், நல்லது. நான் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டும், கோபமாக இருந்தால் மன்னித்துவிடுங்கள் தம்பி.

உங்கள் மச்சானுடைய வண்டி ஒருவர் ஓட்டுகிற வண்டியா, இரண்டு பேருக்கானதா? ஒரு ஆள் வண்டியில் பின்னால் இருப்பது சாமான் வைக்கிற கம்பித் தட்டு, அது இருக்கை இல்லை. ஓட்டுகிறவர் வளைவில் உடம்பை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தித்தான் ஏடிவியைச் சமநிலையில் வைக்கிறார், பின்னால் ஒருவர் கட்டிப் பிடித்திருந்தால் அதைச் செய்யவே முடியாது. பாரம் பின்னால் போனால் முன் சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் வண்டி மல்லாந்து விழவும் வாய்ப்பு உண்டு. இரண்டு பேருக்கென்றே செய்த மாடலில் சக்கர இடைவெளி நீளமாக இருக்கும், பின் இருக்கையில் கைப்பிடியும் கால் வைக்கிற இடமும் இருக்கும். அது இல்லாவிட்டால் பிள்ளையை ஏற்றக் கூடாது. பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே வண்டி மேல் ஒட்டித்தான் அனுப்புகிறார்கள்.

ஹெல்மெட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. மணல்தானே என்று நினைக்க வேண்டாம், 200, 300 கிலோ எடையுள்ள வண்டி மேலே வந்து விழுந்தால் மணலும் ஒன்றுதான் தார்ரோடும் ஒன்றுதான். ஷூ, முழுக்கால் பேண்ட், கண்ணுக்குக் கண்ணாடி, இவை இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் ஏற முடியாது. தண்ணீரை ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று வண்டியிலேயே கட்டிவிடுவோம். காலை ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். நம் கடற்கரை வெயில் தெரிந்ததுதானே, கருவேல நிழல் நிழலே இல்லை.

உங்கள் தங்கச்சி பேசாமல் இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பரமக்குடிக்காரன்

அக்கா, நீங்கள் எழுதியதைத் தங்கச்சிக்கு அப்படியே படித்துக் காட்டினேன். ஒரு வண்டி இரண்டு பேர் மாடல், கழன்ற வண்டி ஒரு ஆள் மாடல், ஸ்டிக்கரைத் தேடிப் பார்த்து உறுதி செய்தாயிற்று. பிள்ளைகளுக்கு அதில் இனி இடமில்லை என்று மச்சானும் சொல்லிவிட்டார், ஹெல்மெட்டும் வாங்குகிறோம்.

டயர் கடை அண்ணே, கேட்டேன். அந்த முன் வலது டயர் எப்போதும் இறங்குமாம், எடுக்கும்போதெல்லாம் காற்றடித்துத்தான் எடுப்பாராம். பஞ்சர் போடுகிற இடத்தில் காட்டினால் ஓட்டை எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கீழக்கரை காக்கா

ஓட்டை இல்லாமல் இறங்குகிறது என்றால் ரிம்மைப் பாருங்கள் தம்பி. கடலோரத்தில் நிற்கிற வண்டிக்கு இதுதான் பெரிய வியாதி. டயர் விளிம்பு ரிம்மில் உட்காருகிற இடத்தில் உப்பு போய் அரித்துவிடும். அலாய் ரிம் என்றால் வெள்ளையாகப் பொரி பூக்கும், இரும்பு ரிம் என்றால் துரு செதில் செதிலாக எழும்பும். இரண்டிலும் விளிம்பு ஒட்டாது, நூல் கனமாகக் காற்று கசியும். அதோடு மணல் துகளும் புகுந்துகொள்ளும். தண்ணீர்த் தொட்டியில் டயரை மட்டும் பார்த்தால் ஓட்டை தெரியாது, சோப்பு நுரையை ரிம் ஓரம் முழுக்க இரண்டு பக்கமும் தடவிவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், நுரை மெதுவாக ஊதும். வால்வு வாயிலும் ஒரு சொட்டு வையுங்கள். மூடி இல்லாத வால்வில் மணல் சிக்கி உள்ளே இருக்கிற ஊசி சரியாக மூடாமல் இருப்பதும் உண்டு.

டயரைக் கழற்றி, ரிம் ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வழவழவென்று ஆகும்வரை தேய்த்து, துடைத்து, சுத்தமான விளிம்போடு மாட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும். கடல் தண்ணீர் பட்ட அன்றைக்கே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவ வேண்டும், சக்கரத்தின் உள்பக்கம், பேரிங் ஓரம், பிரேக் எல்லாம்.

வளைவில் கழன்றது ஏன் என்றால், 2 அல்லது 3 பாயிண்ட்டுக்கு இறங்கிய டயரை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொள்ள உள்ளே காற்று இல்லை. பொத மணலில் திருப்பும்போது மணல் டயரைப் பக்கவாட்டில் தள்ளும், மேலே கூடுதல் ஆள் பாரம், அது கழன்றுதான் தீரும்.

நடுவழியில் திரும்ப மாட்டவும் வழி இருக்கிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, ரிம்மிலும் விளிம்பிலும் மணலைச் சுத்தமாகத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சரக்குக் கட்டுகிற ராட்செட் பட்டையை டயரின் நடுவில் சுற்றிலும் போட்டு இறுக்கினால் டயரின் முகம் அமுங்கி இரண்டு விளிம்பும் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். அப்போது காற்றடித்தால் பிடித்துக்கொள்ளும். விளிம்பு உட்கார ஆரம்பித்ததும் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். கால் பம்பில் சில நேரம் முடியாது, பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரசர் வேண்டும். டயர் பக்கத்தில் விளிம்பு உட்காருவதற்கு அதிகபட்சக் காற்று எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டி ஏற்றவே கூடாது. டக் என்று சத்தம் வரவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனால் டயர் வெடித்துக் கை போய்விடும். சிலர் பெட்ரோல் தெளித்துப் பற்ற வைத்து உட்கார வைக்கிறார்கள், அதைப் பிள்ளைகள் முன்னால் செய்து காட்டவும் வேண்டாம்.

மண்டபம் கடலோடி

எல்லோரும் பட்டா நிலம், தோப்பு என்று பேசுவதால் சந்தோஷம். ஆனால் இந்த இழையைப் படிக்கிற வேறு யாராவது வண்டியைக் கரைக்கு இறக்குவார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் கரையில் வலை காயப்போடுவோம், வலையைத் தைப்போம், மீன் காய வைப்போம். மணலோடு மணலாக வலை கிடக்கும்போது ஏடிவி ஏறினால் கண்ணி அறுந்துவிடும், ஒரு ஆளுடைய பல நாள் வருமானம் அதில் போகும். வலை அச்சில் சுற்றிக்கொண்டால் உங்கள் வண்டியின் சீலும் போகும். அறுந்த தூண்டில் முள், படகுப் பலகையிலிருந்து கழன்ற ஆணி, உடைந்த சங்கு எல்லாம் அங்கே கிடக்கும், டயருக்கு அது கருவேலங்காட்டைவிட மோசம்.

தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆகும், மேலே வண்டி ஏறினால் மணல் இறுகிவிடும், குஞ்சு வெளியே வர முடியாது. வந்தாலும் டயர் தடத்துப் பள்ளத்தில் விழுந்து கடலுக்குப் போகாமல் அதற்குள்ளேயே நடந்து நடந்து செத்துப்போகும், காக்கையும் நாயும் கொண்டுபோகும். சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இந்த ஆமைக்கும் உண்டு. மணல்மேட்டில் இருக்கிற அடம்புக்கொடியையும் இராவணன் மீசையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மணலைப் பிடித்து நிறுத்துவது அவைதான், இராவணன் மீசையின் நுனி டயருக்கும் காலுக்கும் குத்தும், அது வேறு. 1964 புயலில் தனுஷ்கோடி என்ன ஆனது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், மணல்மேட்டை யாரும் உழுது போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தார்ச்சாலையிலும் ஏற்ற வேண்டாம், பதிவெண் இல்லாத வண்டிக்கு அங்கே இடமில்லை. கரையில் யாருக்காவது ஆபத்து என்றால் கடலோரக் காவலுக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108.

பரமக்குடிக்காரன்

அண்ணே, நாங்கள் மேட்டுக்குப் பின்பக்கமே நின்றுவிட்டோம், கரைக்கு இறங்கவில்லை. ஆனாலும் தடம் ஒரு இடத்தில் அடம்புக்கொடி ஓரமாகப் போகிறது, அதை உள்ளே தள்ளி மாற்றச் சொல்கிறேன்.

பஞ்சர் திரவம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ராம்நாடு டயர் கடை

முள் பஞ்சருக்கு நன்றாகவே வேலை செய்யும். டயர் தரையைத் தொடுகிற முகப்பில் சின்ன ஓட்டை விழுந்தால் திரவம் அங்கே போய் அடைத்துக்கொள்ளும், பல முள் ஏறினாலும் வீடு வரை வந்துவிடலாம். பக்கச் சுவர்க் கிழிசலுக்கும் ரிம் அரிப்புக்கும் அது மருந்தில்லை. டயர் அளவுக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று பாட்டிலில் இருக்கும், குறைத்து ஊற்றினால் பயனில்லை. ஊற்றியதும் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் உள்ளே எல்லா இடத்திலும் படியும். பின்னால் ஒட்டுப் போட வேண்டி வந்தால் உள்ளே துடைத்துச் சுத்தம் செய்வது பெரும்பாடு, அதனால் முதலில் ரிம்மைச் சரி செய்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

முள்ளைப் பிடுங்கி ஸ்ட்ரிப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த டயரையும் கழற்றி உட்புறம் கையால் தடவிப் பார்க்க வேண்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கருவேல முள் பல நேரம் பாதியில் ஒடிந்து நுனி ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும், ஓட ஓட உள்ளே ஏறி வேறொரு ஓட்டை போடும்.

தேவிபட்டினம் சேத்துக்காரன்

எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே மணலைவிடச் சேறுதான் அதிகம். மேலே காய்ந்து பொருக்குத் தட்டி வெள்ளையாகத் தரை மாதிரி தெரியும், கீழே களி. உப்பளம் ஓரத்திலும் இதே கதைதான். சக்கரம் பொருக்கை உடைத்துவிட்டால் ஆக்ஸிலேட்டரைத் திருகாதீர்கள், சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் தென்னை ஓலையைப் போட்டு மெதுவாக எடுங்கள். பனை ஓலை போட்டால் மட்டையை வெட்டி எறிந்துவிட்டு ஓலையை மட்டும் போட வேண்டும், இல்லாவிட்டால் கருக்கு டயரை அறுக்கும். கயிறு கட்டி இழுக்கும்போது கொக்கியிலோ சேஸிலோ கட்டுங்கள், ஹேண்டிலிலும் சாமான் தட்டிலும் கட்டக் கூடாது. இழுக்கிற கயிற்றின் பக்கத்தில் பிள்ளைகள் நிற்கவும் கூடாது, அறுந்தால் சாட்டை அடி.

பரமக்குடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. முன் ரிம்மில் நுரை தடவிப் பார்த்தோம், கீழக்கரை அண்ணன் சொன்னபடியே உள்பக்க ஓரம் முழுக்க நுரை ஊதியது. பின் டயருக்குள் கால் அங்குலத்துக்கு முள் நுனி ஒன்று இருந்தது. கிழிந்த டயருக்குப் பதில் மச்சானுக்குப் பழைய டயர் ஒன்று கிடைக்கிறதாம், 25x10-12 என்று போட்டிருக்கிறது, பொருந்துமா? கிழிந்ததும் அதே எண்தான்.

ராம்நாடு டயர் கடை

25 அங்குல உயரம், 10 அங்குல அகலம், 12 அங்குல ரிம். எண் பொருந்துகிறது. ஆனால் அதே அச்சில் மறுபக்கம் இருக்கிற டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், உயரத்தில் வித்தியாசம் அதிகம் இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. வெயிலில் கிடந்து பக்கச் சுவரில் நூல் நூலாக வெடித்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பரமக்குடிக்காரன்

சரி அண்ணே, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ரிம்மைச் சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வரட்டுமா? கழுவிக் கொண்டு வரவா?

ராம்நாடு டயர் கடை

இரவு எட்டு வரை இருப்பேன். கழுவ வேண்டாம், உப்பு எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மற்ற மூன்று சக்கரத்தையும் கழற்றிக் கொண்டு வந்துவிடுங்கள், ஒன்று அரித்திருந்தால் மற்றதும் அரித்திருக்கும்.